அரங்கு நிரம்புவதற்கு முன்

அன்புள்ள ஐயா,

மான்செஸ்டர் ராக் குழுவான ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பமான ‘அன்னோன் பிளஷர்ஸ்’ குறித்துத் தாங்கள் எழுதியதை வாசித்தபின், அக்குழு 1979 அக்டோபர், நவம்பர் மாதங்களில் பஸ்காக்ஸ் குழுவுக்குத் துணைக்குழுவாக, அதாவது அவர்களுக்கு முன்னால் வாசிக்கும் குழுவாக, பிரிட்டன் முழுவதும் சுற்றியபோது ரசிகர்கள் கேசட்டில் பதிந்த சில ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்டேன். அவற்றுள் ஒன்று பல்கலைக்கழக அரங்கொன்றில் பதியப்பட்டதாகச் சொல்கிறார்கள். தரம் மோசம்தான். ஆனாலும் பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு சுரமும் தனியாகக் கேட்கிறது, டிரம்ஸ் கேட்கிறது, பாடகர் இயன் கர்ட்டிஸின் குரல் எங்கோ ஆழத்திலிருந்து வருகிறது. அதே இரவில் பதிந்ததாகக் கிடைத்த பஸ்காக்ஸ் பதிவோ ஒரே இரைச்சல். துணைக்குழு முதன்மைக் குழுவை விழுங்கிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று தோன்றியது.

என் கேள்விகள் இவை. இவ்வளவு பெரிய குழுவை முதலில் மேடையேற்றி, அரைகுறைக் கூட்டத்தின் முன் வாசிக்கச் சொன்னது அநீதி அல்லவா? பங்க் ராக்கைத் தொடர்ந்து வந்த போஸ்ட்-பங்க் கச்சேரிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் லிவர்பூல், லீட்ஸ், பர்மிங்காம் என்று பல்கலைக்கழக அரங்குகளின் பெயர்களே ஏன் வருகின்றன? கேசட் பதிவுகளைத் தவிர்த்து எதைக் கேட்டால் அந்த அரங்குகளின் ஒலி பிடிபடும்?

அன்புடன்,
ர., கோவை

அன்புள்ள ர.,

‘விழுங்கிவிட்டது’ என்ற தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ஜாய் டிவிஷனைக் குறைத்துச் சொல்வதற்காக அல்ல; நீங்கள் கேசட்டில் கேட்டதில் எவ்வளவு அந்தக் குழுவினுடையது, எவ்வளவு அந்த அரங்கினுடையது, எவ்வளவு அந்தக் கேசட் கருவியினுடையது என்று பிரித்துப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வர முடியாது என்பதற்காக.

முதலில் யார் எங்கே நின்றார்கள் என்பதைப் பார்ப்போம். அந்தப் பயணம் 1979 அக்டோபர் 2 அன்று லிவர்பூல் பல்கலைக்கழக மாணவர் மன்றத்தின் மவுண்ட்ஃபோர்ட் ஹாலில் தொடங்கி, மறுநாள் லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, நவம்பர் 10 அன்று லண்டன் ரெயின்போ தியேட்டரில் முடிந்தது. அப்போது பஸ்காக்ஸ், ‘எவர் ஃபாலன் இன் லவ்’ பாடலை முந்தைய ஆண்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 12ஆம் இடம் வரை ஏற்றியிருந்த குழு. ஜாய் டிவிஷனிடம் இருந்ததோ முதல் அச்சில் 10,000 பிரதிகள் மட்டுமே போடப்பட்ட ஓர் ஆல்பமும், செப்டம்பரில் பிபிசியின் ‘சம்திங் எல்ஸ்’ நிகழ்ச்சியில் வாசித்த இரண்டு பாடல்களும். அந்த இலையுதிர் காலத்தில் மாணவர்களின் கைப்பணம் பஸ்காக்ஸைப் பார்க்கத்தான் டிக்கெட்டாக மாறியது. இன்று ஜாய் டிவிஷனின் சட்டைகள் விற்கும் வேகத்தை வைத்து அன்றைய சுவரொட்டியின் எழுத்தளவைத் திருத்த முடியாது.

மேலும், இவ்விரு குழுக்களுக்கும் இடையே இருந்த உறவு முதலாளிக்கும் கூலிக்கும் இடையேயானது அல்ல. 1976 ஜூன் 4 அன்று லண்டன் பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸை மான்செஸ்டரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலுக்கு அழைத்து வந்தவர்கள், பின்னர் பஸ்காக்ஸாக அறியப்பட்ட ஹோவர்ட் டெவோட்டோவும் பீட் ஷெல்லியும். அன்று கூட்டத்தில் நின்ற, பின்னாளில் ஜாய் டிவிஷனில் கிட்டாரும் பேஸும் வாசித்த பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹூக்கும் அந்தக் கச்சேரியைப் பார்த்த வேகத்தில்தான் குழு தொடங்க முடிவெடுத்தார்கள். 1977 மே 29 அன்று எலெக்ட்ரிக் சர்க்கஸில் அவர்கள் ‘வார்சா’ என்ற பெயரில் முதன்முதலாக மேடையேறியதும் பஸ்காக்ஸுக்குத் துணைக்குழுவாகத்தான். ஆகவே 1979 பயணம், தெரிந்தவர்கள் தெரிந்தவர்களுக்குக் கொடுத்த இடம். பெரிய சுற்றுப்பயணங்களில் துணைக்குழுவின் இசைத்தட்டு நிறுவனமே பணம் கட்டி அந்த இடத்தை வாங்கும் வழக்கமும் உண்டு. அநீதி என்று பேசுவதாக இருந்தால் அங்கிருந்து தொடங்கலாம்.

இனி துணைக்குழுவின் இடம் என்பது நடைமுறையில் என்ன என்று சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேசட்டின் மர்மம் இங்கேதான் அவிழ்கிறது. பிற்பகலில் முதன்மைக் குழு முதலில் சவுண்ட் செக், அதாவது ஒலியளவுகளைச் சரிபார்க்கும் ஒத்திகை, செய்யும். அது முடிந்து, அவர்களுடைய டிரம்ஸையும் ஆம்ப்களையும் நகர்த்தாமல், அவற்றுக்கு முன்னால் எஞ்சும் ஒடுங்கிய இடத்தில் துணைக்குழு தன் கருவிகளை வைக்கும். கதவு திறக்க எவ்வளவு நேரம் மிஞ்சுகிறதோ அவ்வளவுதான் அவர்களுடைய சவுண்ட் செக். மிஞ்சாத நாட்களில் முதல் பாடலே சவுண்ட் செக். கலவை மேசையில் முதன்மைக் குழுவுக்காகக் குறித்துவைத்த அளவுகளைத் தொடக்கூடாது என்பதால் மீதியிருக்கும் சில குமிழ்களைக் கொண்டு சமாளிக்க வேண்டும். ஒளியமைப்பிலும் பாதிக்கு மேல் இரவல் கிடைக்காது. வாசிக்கும் நேரம் அரைமணி முதல் முக்கால் மணி வரை. கேட்பவர்களில் ஒரு பங்கு இன்னும் பாரில், ஒரு பங்கு வாசலில் மேலங்கியைக் கழற்றி ஒப்படைத்துக்கொண்டிருக்கும், மீதி மேடைக்கு முன்னால் பத்தடி வெற்றிடம் விட்டுக் கைகட்டி நிற்கும்.

அந்த வெற்றிடத்தைத்தான் நீங்கள் கேசட்டில் கேட்கிறீர்கள். ஓர் அரங்கில் ஒலி எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதைக் கணக்கிட முடியும் என்று காட்டியவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். 1895இல், பேசுவது புரியாத அளவுக்கு எதிரொலித்த ஒரு விரிவுரை அரங்கைச் சரிசெய்யும் வேலையை ஏற்று, பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி அடுக்கி அளந்தார். அவர் கண்டவற்றில் நமக்கு இங்கே வேண்டியது ஒன்று: அரங்கில் ஒலியை உறிஞ்சும் பொருட்களில் மனித உடலும் உடையும் முக்கியமானவை. அவை நடுத்தர, உயர் அதிர்வெண்களை நன்றாக உறிஞ்சும். தாழ்ந்த அதிர்வெண்களை அவ்வளவாகத் தொடாது. செங்கல் சுவரும் மரத்தரையும் உயர்ந்த கூரையும் கொண்ட ஒரு மாணவர் மன்ற அரங்கு மாலை எட்டு மணிக்கு ஓர் அறை, ஒன்பதரைக்கு வேறோர் அறை. துணைக்குழு வாசிப்பது முன்னதில். முதன்மைக் குழு பின்னதில்.

எட்டு மணி அறையில் எது நன்றாகக் கேட்கும்? ஒரு சுரம் எழுந்து, சுவரில் பட்டுத் திரும்பி, அடங்கிய பிறகு அடுத்த சுரம் வரும் அளவுக்கு இடைவெளி உள்ள இசை கேட்கும். இரண்டு கிட்டார்கள் இடைவிடாமல் உராய, இரண்டரை நிமிடத்துக்குள் ஒரு பாடலை முடிக்கும் இசை குழைந்துபோகும். ஜாய் டிவிஷனின் 1979ஆம் ஆண்டுப் பாடல்களில் பல மிதமான வேகத்தில் நகர்பவை. கிட்டார் தொடர்ந்து ஒலிக்காமல் வந்துபோகும். மெட்டைச் சுமப்பது பேஸ். அதுவும் வழக்கமான பேஸ் அல்ல. பீட்டர் ஹூக் தன் மலிவான ஆம்பில் தாழ்ந்த சுரங்கள் சம்னரின் கிட்டார் சத்தத்துக்குள் தொலைந்துபோவதால், தன் காதுக்குத் தான் கேட்க வேண்டும் என்பதற்காகவே கம்பியின் மேற்பகுதிக்கு ஏறி வாசிக்கத் தொடங்கியவர். ஒத்திகை அறையின் நெருக்கடியில் பிறந்த அந்தப் பழக்கம், பாதி காலியான அரங்குகளில் பெரிய உதவியாகியிருக்க வேண்டும். தாழ்ந்த சுரங்கள் அரங்கின் மூலைகளில் முழங்கிக்கொண்டே இருக்க, ஹூக்கின் சுரங்கள் அந்த முழக்கத்துக்கு மேலே, மனிதக் குரல் உலவும் எல்லையில், தெளிவாக நிற்கும். கேசட்டில் ‘ஒவ்வொரு சுரமும் தனியாக’ உங்களுக்குக் கேட்டதற்குப் பாதிக் காரணம் இது. நல்ல நேரமும் நல்ல கூட்டமும் கிடைத்துவிட்ட குழுவுக்கு இந்தப் பலம் தெரியவே நியாயமில்லை. அதனால்தான் துணைக்குழுவின் அரைமணி நேரத்தை அநீதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த இசைக்கு அதைவிடப் பொருத்தமான அறையும் வேளையும் அந்த ஆண்டில் கிடைத்திருக்குமா என்பதே என் ஐயம்.

இதை வைத்து ஆல்பத்தில் கேட்கும் அந்தக் குளிர்ந்த பரப்பு மேடையிலும் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அது தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் 1979 ஏப்ரலில் ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில், ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தரும் டிஜிட்டல் டிலே போன்ற கருவிகளைக் கொண்டு, டிரம்ஸின் ஒவ்வோர் உறுப்பையும் பிரித்துப் பிரித்து உண்டாக்கியது. சம்னரும் ஹூக்கும் அந்த ஒலியை விரும்பவில்லை. தாங்கள் மேடையில் இதைவிட முரட்டுத்தனமானவர்கள் என்பதே அவர்களுடைய குறை. ஹானெட் செயற்கையாக உண்டாக்கிய அறையும் மாணவர் மன்றம் இனாமாகக் கொடுத்த அறையும் வேறு வேறு. ஆனால் இரண்டிலும் அந்த இசை தாக்குப்பிடித்தது. எல்லா இசையும் அப்படித் தாக்குப்பிடிப்பதில்லை.

இனி பஸ்காக்ஸ் ஏன் இரைச்சலாகக் கேட்டார்கள்? இங்கே கேசட் கருவி குறுக்கிடுகிறது. அன்றைய கையடக்கப் பதிவுக் கருவிகளில் ஒலியளவைத் தானாகக் கட்டுப்படுத்தும் சுற்று ஒன்று இருந்தது. பெரிய சத்தம் வந்தால் அது பதிவின் அளவைச் சட்டென்று அழுத்தும். சத்தம் அடங்கியதும் மெல்ல மேலே விடும். அமைதியான இடங்களைக் கொண்ட இசைக்கு இதனால் ஒரு மூச்சு கிடைக்கும்: டிரம்ஸ் அடி விழுந்ததும் எல்லாம் அமிழ்ந்து, அடுத்த நொடியில் அரங்கின் எதிரொலி மேலெழும். உங்களுக்கு ஆழத்திலிருந்து வந்ததாகத் தோன்றிய கர்ட்டிஸின் குரலுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். இடைவெளியே இல்லாத இசையில் அந்தச் சுற்று விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். எல்லாம் ஒரே தடிப்பாகப் பதியும். போதாக்குறைக்கு, முதன்மைக் குழு மேடையேறும்போது கூட்டம் முன்னால் பாய்ந்து குதிக்கும். கருவி இருப்பது யாரோ ஒருவருடைய கோட்டுப் பையில். அதற்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே ஐம்பது உடல்கள் வந்து நின்று உயர் அதிர்வெண்களைத் தின்றுவிடும். எனவே அந்த இரவில் அரங்கில் நின்றவர்களுக்கு பஸ்காக்ஸ் பெரும்பாலும் நன்றாகவே கேட்டிருப்பார்கள். கேசட்டுக்கு மட்டும்தான் கேட்கவில்லை. கைதட்டலை வைத்தும் முடிவு கட்டாதீர்கள். அது அந்தக் கோட்டுப் பைக்கு அருகில் நின்ற நாலு பேருடைய கருத்து.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை எளிது, பணம். அக்காலத்தில் பிரிட்டிஷ் மாணவர்களின் கல்விக் கட்டணத்தையும் அதோடு சேர்ந்த மாணவர் மன்றச் சந்தாவையும் உள்ளாட்சி அமைப்புகளே செலுத்தின. அதனால் மாணவர் மன்றங்களிடம் அரங்கு இருந்தது, பார் இருந்தது, நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யவென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு செயலாளர் இருந்தார், நஷ்டம் வந்தால் தாங்கும் நிதியும் இருந்தது. அந்தச் செயலாளருக்கு இருபது, இருபத்தொரு வயதுதான் இருக்கும். தனக்குப் பிடித்த குழுவை மன்றத்தின் காசில் அழைப்பதைவிட அந்த வயதுக்கு வேறென்ன வேண்டும்? பின்னாளில் பிரிட்டனின் பெரிய கச்சேரி ஏற்பாட்டாளராக ஆன ஹார்வி கோல்ட்ஸ்மித் பிரைட்டனில் மாணவராக இருந்தபோதுதான் இந்தத் தொழிலைக் கற்றார். வானொலித் தொகுப்பாளர் ஆண்டி கெர்ஷா லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் இதே பொறுப்பை வகித்தவர். அந்த லீட்ஸ் அரங்கு உண்மையில் ஓர் உணவுக்கூடம். பகலில் அங்கே மாணவர்கள் சாப்பிடுவார்கள். 1970 பிப்ரவரி 14 அன்று ராக் குழுவான தி ஹூ தங்களுடைய புகழ்பெற்ற நேரடி ஆல்பத்தைப் பதிந்ததும் அதே கூடத்தில்தான்.

இந்த அரங்குகள் எப்போதும் திறந்த மனத்தோடு இருந்தன என்றும் சொல்ல முடியாது. 1976 டிசம்பரில் செக்ஸ் பிஸ்டல்ஸின் பயணம் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகத்தில் தொடங்க இருந்தது, துணைவேந்தர் தடுத்துவிட்டார். சில நாட்கள் கழித்து லீட்ஸ் பாலிடெக்னிக் அனுமதித்தது. அந்த நகரிலிருந்தே, அதையொட்டிய காலத்தில், பல்கலைக்கழக நுண்கலைத் துறை மாணவர்கள் கேங் ஆஃப் ஃபோர், மீகான்ஸ் போன்ற குழுக்களைத் தொடங்கினார்கள் என்பது தற்செயல் அல்ல. தொடக்கத்தில் மீகான்ஸ் கேங் ஆஃப் ஃபோரின் கருவிகளை இரவல் வாங்கியே வாசித்தார்கள். அந்த வட்டத்தில் முதன்மைக் குழு, துணைக்குழு என்ற பிரிவினை, அன்று வேனை யார் ஓட்டி வந்தார்கள் என்பதைப் பொறுத்தது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இன்னொன்றும் உண்டு. பல மாணவர் மன்றங்களில் அடையாள அட்டை உள்ளவர்களுக்கும் அவர்கள் கையெழுத்திட்டு அழைத்துவரும் விருந்தினர்களுக்கும் மட்டுமே நுழைவு. வெள்ளிக்கிழமை மாலையானால் யார் வாசித்தாலும் அங்கே வரும் கூட்டம் அது. தனக்காக வராத ஒருவனை நிற்கவைப்பது எப்படி என்று ஒரு குழு கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளி இல்லை. கற்றுக்கொள்ளாத குழுக்களுக்கு அதை அவன் பாருக்குத் திரும்பிப் போய்த் தெரியப்படுத்துவான்.

அநீதி என்று நீங்கள் எழுதியதை முழுவதும் தள்ளிவிட்டதாக எண்ண வேண்டாம். அந்தப் பயணத்துக்காகத்தான் ஜாய் டிவிஷன் உறுப்பினர்கள் தங்கள் வேலைகளை விட்டார்கள். கர்ட்டிஸ் மாக்கிள்ஸ்ஃபீல்டில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்தவர். ஹூக் மான்செஸ்டர் கப்பல் கால்வாய் நிறுவனத்தில். நிரந்தரச் சம்பளத்தைக் கைவிட்டு, துணைக்குழுவின் சொற்பத் தொகையில் ஆறு வாரம் வேனில் சுற்றுவது எளிதல்ல. கர்ட்டிஸுக்கு அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் வலிப்பு நோய் உறுதியாகியிருந்தது. தூக்கமின்மையும் மின்னி மறையும் விளக்குகளும் அவருக்கு ஆகாதவை. சுற்றுப்பயணம் என்பதே இவை இரண்டும்தான். இதற்கெல்லாம் நடுவில், பயணத்தின் கடைசி இரவில் பஸ்காக்ஸ் தரப்பினர்மீது புழுக்களையும் எலிகளையும் ஏவிவிட்ட குறும்பையும் ஹூக் தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். இருபத்து மூன்று வயதுக்காரர்கள். புகைப்படங்களில் உள்ள அந்த இறுகிய முகங்களை மட்டுமே பார்த்திருக்கும் நம் ஆட்கள் இதை நம்ப மறுப்பார்கள்.

மூன்றாவது கேள்வி. பல்கலைக்கழக அரங்கில் ஜாய் டிவிஷன் எப்படி ஒலித்தது என்று அறிய இரண்டு முறையான வெளியீடுகள் போதும். ஒன்று, 1980 பிப்ரவரி 8 அன்று லண்டன் பல்கலைக்கழக மாணவர் மன்றத்தில் நடந்த கச்சேரி. அவர்களுடைய இரண்டாவது ஆல்பமான ‘க்ளோசர்’ 2007இல் மறுபதிப்பானபோது இரண்டாவது தட்டாகச் சேர்க்கப்பட்டது. மற்றொன்று, 1980 மே 2 அன்று பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஹை ஹாலில் நடந்தது. 1981இல் வந்த ‘ஸ்டில்’ தொகுப்பில் உள்ளது. இரண்டிலும் அவர்கள் முதன்மைக் குழு. பர்மிங்காமில் அவர்களுக்கு முன்னால் மேடையேறிய துணைக்குழு, ஜாய் டிவிஷனின் இசைத்தட்டுகளை வெளியிட்ட அதே ஃபேக்டரி நிறுவனத்தைச் சேர்ந்த எ செர்ட்டன் ரேஷியோ. ஆறு மாதம் முன்பு பஸ்காக்ஸிடமிருந்து பெற்ற இடத்தை அவர்கள் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஹை ஹால் பதிவை நான் பரிந்துரைப்பது அது அவர்களுடைய கடைசிக் கச்சேரி என்பதற்காக அல்ல. பதினாறு நாள் கழித்து, அமெரிக்கப் பயணத்துக்குப் புறப்படும் தறுவாயில், கர்ட்டிஸ் இறந்தார் என்பதை மறந்துவிட்டு அதைக் கேட்பது கடினம்தான். ஆனாலும் முதல் முறை அப்படிக் கேட்க முயலுங்கள். தட்டின் தொடக்கத்தில் வரும் ‘செரமனி’யில் பாதி தூரம் வரை குரல் ஏறக்குறைய இல்லை. கர்ட்டிஸ் பாடிக்கொண்டிருக்கிறார், கலவையில் அவர் குரல் ஏறவில்லை. குரல் இல்லாததால், பேஸும் கிட்டாரும் ஒன்றை ஒன்று எப்படிச் சுற்றி வருகின்றன என்பது மறைப்பில்லாமல் தெரியும். எஞ்சியவர்கள் நியூ ஆர்டர் என்ற பெயரில் 1981 ஜனவரியில் அதே பாடலை முதல் சிங்கிளாக வெளியிட்டபோது, வரிகள் எழுத்தில் கிடைக்காமல், பழைய பதிவுகளை, அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் கருவி வழியாக ஓட்டி, கர்ட்டிஸ் என்ன பாடுகிறார் என்று சம்னர் காதால் பிடித்தெடுக்க வேண்டியிருந்தது. இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நியூ ஆர்டரின் வடிவத்தை முதலில் கேட்டு வரிகளை மனத்தில் வாங்கிக்கொண்டு ஹை ஹாலுக்குப் போனால், குரல் இல்லாத இடங்களிலும் அது எங்கே இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

கேசட்டையும் எறிந்துவிடாதீர்கள். அதில் பாடல்களுக்கு இடையே கூட்டம் பேசுவது கேட்கும் என்றால், அந்த இடங்களை ஒலியைக் கூட்டிவைத்துக் கேட்டு, எத்தனையாவது பாடலில் அந்தப் பேச்சு குறைகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.